நெவார்க்கில் மட்டும் ஏன் இத்தனை போதை வழக்குகள்?

மணிமுத்தாறு:
நியூஜெர்சியில் ஒரு புறநகரில் இருக்கிறோம். என் மகனுடைய பள்ளியில் ஒரு பையன் கஞ்சாவும் மாத்திரையும் விற்றுப் பிடிபட்டான். பெற்றோரை அழைத்துப் பேசி, கவுன்சிலிங்குக்கு அனுப்பியதோடு சரி. என்னோடு வேலை செய்பவரின் தம்பி 2007-இல் நெவார்க் தெருவில் கொஞ்சம் பொருளோடு பிடிபட்டு ஜெயிலுக்கே போனார். மாநிலம் ஒன்றுதானே? அங்கே குற்றம் அதிகம் என்பதாலா?

தெற்குவீதி:
துப்பாக்கிச் சூடு நடக்கும் இடத்தில்தான் போலீஸ் நிற்கும். அங்கே குடியிருப்பவர்களே போலீஸ் வேண்டும் என்றுதான் கேட்கிறார்கள்.

எஸ்ஸெக்ஸ் கமலா:
நான் நெவார்க் இருக்கும் எஸ்ஸெக்ஸ் மாவட்டத்தில் குற்ற வழக்கு வக்கீல் ஒருவரிடம் உதவியாளர். மணிமுத்தாறு சார், 1987-இல் வந்த பள்ளி வட்டாரச் சட்டத்தைப் பாருங்கள். பள்ளி எல்லையிலிருந்து 1000 அடிக்குள், அதாவது சுமார் 300 மீட்டருக்குள், விற்றாலோ விற்க வைத்திருந்தாலோ கட்டாயச் சிறை. குறிப்பிட்ட காலம் முடியாமல் பரோல் கிடையாது. பள்ளி இருப்பதே தெரியாது என்றாலும் செல்லாது. நடுராத்திரி, சுற்றிலும் ஒரு குழந்தைகூட இல்லை என்றாலும் செல்லாது.

நெவார்க் நெருக்கமான ஊர், எங்கே நின்றாலும் பக்கத்தில் ஒரு பள்ளி இருக்கும். மாநிலத்தின் தண்டனை மறுஆய்வு ஆணையம் 2005-இல் கணக்குப் பார்த்தது. விமான நிலையத்தைக் கழித்தால் நகரப் பரப்பில் 76 சதவீதம் இந்த வட்டங்களுக்குள்! கிராமப்புறமான மான்ஸ்ஃபீல்டில் 6 சதவீதம்தான். இந்தப் பிரிவில் சிறையில் இருந்தவர்களில் ஏறக்குறைய 96 சதவீதம் கறுப்பினத்தவரும் ஹிஸ்பானியரும். குழந்தைகளைக் காப்பாற்ற வந்த சட்டம் இப்படி ஆனதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

அப்புறம் பேரம். வழக்கை நடத்தித் தோற்றால் கட்டாயத் தண்டனை, இப்போதே ஒப்புக்கொண்டால் குறைப்போம் என்பார் அரசு வக்கீல். வீட்டில் சின்னக் குழந்தை இருப்பவன் என்ன செய்வான்? கையெழுத்துப் போட்டுவிடுவான்.

தெற்குவீதி, நீங்கள் சொல்லும் துப்பாக்கிச் சூடு உண்மைதான். தெருமுனையில் நின்று விற்கும்போது இடத்துக்காகச் சண்டை வரும். புறநகரில் வீட்டுக்குள், காருக்குள் கைமாறும், கண்ணில் படாது. ஆனால் பயன்படுத்துவதில் பெரிய வித்தியாசம் இல்லை. அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கம் (ACLU) 2010-ஆம் ஆண்டுத் தரவை ஆராய்ந்தது. நாடு முழுவதும் கஞ்சா பழக்கம் வெள்ளையர், கறுப்பினத்தவர் இரு இனத்தாரிடமும் கிட்டத்தட்ட சமம், கைதாகும் வாய்ப்பு மட்டும் கறுப்பினத்தவருக்கு வெள்ளையரைப் போல 3.73 மடங்கு. என்னிடம் வந்து அழுத அம்மாக்கள் போலீஸ் வேண்டாம் என்று சொன்னதே இல்லை. சுட்டவனைப் பிடியுங்கள் என்றுதான் கேட்டார்கள்.

மணிமுத்தாறு:
இப்போதும் அதே சட்டமா, அக்கா?

எஸ்ஸெக்ஸ் கமலா:
2010 ஜனவரியில் திருத்தினார்கள். கட்டாயச் சிறையைத் தளர்த்த நீதிபதிக்கு இப்போது அதிகாரம் உண்டு. அந்தத் தம்பியின் பழைய பதிவை அழிக்க மனு போட வழி இருக்கிறதா என்று ஒரு வக்கீலிடம் கேட்கச் சொல்லுங்கள். தீர்ப்பு நகலை மறக்காமல் எடுத்துப் போகட்டும்.