ஒரே ஒரு யூசருக்கு மட்டும் என்எஃப்எஸ் ஃபோல்டர் திறக்கவில்லை. புது டிஸ்க் பெட்டி காரணமா?

கேள்வி:
லினக்ஸ் ஃபைல் சர்வர் ஒன்றிலிருந்து என்எஃப்எஸ் 4 (நெட்வொர்க்கில் ஃபோல்டர் பகிரும் முறை) வழியாக இருபது லினக்ஸ் மெஷின்களுக்கு ஷேர் போகிறது. போன வாரம் பழைய ரெய்டு கார்டைக் (பல டிஸ்க்குகளை ஒன்றாகக் காட்டுவது) கழற்றிவிட்டு, ஹெச்பிஏ கார்டு (டிஸ்க்குகளைச் சர்வரோடு நேராக இணைப்பது) போட்டுப் புது டிஸ்க் பெட்டியை மாட்டினோம். டேட்டாவை ஆர்சிங்க் என்ற காப்பி கட்டளை மூலம் மாற்றினேன். மறுநாள் காலையிலேயே ஒருவர் வந்து நின்றார். 'வரைபடம்' ஃபோல்டருக்குள் போனால் 'பெர்மிஷன் டினைடு' என்கிறது. அவருடைய டீமில் மற்ற எல்லாருக்கும் திறக்கிறது. ஃபோல்டரின் அனுமதி 2770 (உரிமையாளரும் குரூப்பும் மட்டும் நுழையலாம்), அதற்குரிய குரூப்பிலும் அவர் இருக்கிறார். லாகவுட், ரீபூட் எல்லாம் செய்தாகிவிட்டது. நேராகச் சர்வருக்குள் எஸ்எஸ்ஹெச்சில் (ரிமோட் லாகின்) நுழைந்தால் அதே ஆள் தாராளமாக எழுதுகிறார்! கார்டு இந்தப் பெட்டியோடு ஒத்துப்போகவில்லையோ?

பதில் 1:
கார்டுக்கு ஆள் பார்த்துத் தகராறு செய்யத் தெரியாது. ஒத்துப்போகவில்லை என்றால் டிமெசேஜில் (கெர்னல் லாக்) ஐஓ எரர், அதாவது டிஸ்க் படிக்க எழுத முடியாத பிழை, கொட்டும், எல்லாருமே மாட்டுவார்கள். எனக்கு ஆர்சிங்க் மேல்தான் சந்தேகம். சின்ன 'ஏ' மட்டும் போட்டால் ஏசிஎல் (ஃபைலுக்குத் தனியாக வைக்கும் கூடுதல் அனுமதிப் பட்டியல்) வராது, பெரிய 'ஏ'வும் வேண்டும்.

கேட்டவர்:
டிமெசேஜ் சுத்தமாக இருக்கிறது. ஏசிஎல் நாங்கள் எங்கேயும் வைக்கவில்லை. இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன்: இதே ஆள் விண்டோஸிலிருந்து சாம்பா (விண்டோஸுக்கு ஃபோல்டர் பகிரும் சர்வர் மென்பொருள்) வழியாக வந்தால் திறக்கிறது.

பதில் 2:
அட, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. கிளையன்ட் மெஷினில் அவர் பெயரில் 'ஐடி' கட்டளை போட்டு, எத்தனை குரூப் என்று எண்ணுங்கள்.

கேட்டவர்:
18. 'வரைபடம்' குரூப்தான் கடைசி. டிஸ்க் மாற்றிய அன்றுதான் அதைப் புதிதாக உருவாக்கினேன்.

பதில் 2:
சரி, காரணம் அகப்பட்டது. கிளையன்ட் ஷேரை இணைக்கும் மவுன்ட் அமைப்பில் 'செக்' (பாதுகாப்பு முறை) என்பது 'சிஸ்' என்றுதானே இருக்கிறது? அந்த முறையில் கிளையன்ட் ஒவ்வொரு கோரிக்கையோடும் முதன்மைக் குரூப்பையும், கூடுதலாக 16 குரூப்களையும்தான் அனுப்ப முடியும். என்எஃப்எஸ் கோரிக்கைகளைச் சுமக்கும் அந்தப் பழைய ஆர்பிசி அமைப்பில் அதற்கு மேல் இடமே கிடையாது. மீதி சத்தமில்லாமல் வெட்டுப்படும், லாகிலும் ஒரு வரி வராது. புதுக் குரூப்பின் எண் பெரியதாக இருந்ததால் வாலில் நின்றது, வால்தான் போயிற்று. சாம்பாவும் எஸ்எஸ்ஹெச்சும் சர்வரிலேயே குரூப்களை எடுத்துக்கொள்வதால் அங்கே தொல்லை இல்லை.

சர்வரில் என்எஃப்எஸ் கான்ஃப் ஃபைலைத் திறந்து, மவுன்ட்டி (மவுன்ட் கோரிக்கைகளைக் கவனிக்கும் சர்வர் புரோகிராம்) பகுதியில் 'மேனேஜ்-ஜிட்ஸ்' என்பதை 'ஒய்' ஆக்கி, மவுன்ட்டியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அப்புறம் கிளையன்ட் அனுப்பும் பட்டியலைச் சர்வர் தள்ளிவிட்டு, தானே தேடிக்கொள்ளும். அந்த விடையை 1800 விநாடி கேஷில் வைத்திருக்கும், அதனால் பின்னால் யாரையாவது குரூப்பில் சேர்த்தால் அரை மணி நேரம் பொறுங்கள். அவசரமென்றால் 'எக்ஸ்போர்ட்எஃப்எஸ்' கட்டளையைச் சின்ன 'எஃப்' சேர்த்துப் போடுங்கள். 'சிஸ்'க்குப் பதிலாகக் கெர்பரோஸ் (டிக்கெட் மூலம் அடையாளம் காட்டும் முறை) இருந்தால் இந்த வரம்பே வராது, ஆனால் இதற்காக மட்டும் அதை நிறுவுவது வீண் வேலை.

ஒரு எச்சரிக்கை: சர்வருக்குத் தெரியாத கூடுதல் குரூப் (முதன்மைக் குரூப் தவிர்த்தது) எதுவும் இனிமேல் செல்லாது.

கேட்டவர்:
திறந்துவிட்டது! உங்கள் எச்சரிக்கையும் பத்தே நிமிடத்தில் பலித்தது. இன்னொருவர் ஸ்கேன் ஃபோல்டர் போய்விட்டது என்று வந்தார். பார்த்தால் அந்தக் குரூப் அவருடைய மெஷினின் 'எட்சி குரூப்' ஃபைலில் மட்டும்தான் இருந்தது, யார் எப்போது போட்டார்களோ. எல்லா மெஷின்களும் பார்க்கும் பொதுப் பயனர் பட்டியலான எல்டாப்பில் அதே எண்ணோடு சேர்த்தேன், வேலை செய்கிறது. டிஸ்க் பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி எழுதி வைத்திருந்த மெயிலை அழித்துவிட்டேன்.