‘முதிர்வு’ போதாது, ‘பழுநல்’ என்று சொல்வோம்: பழைய சிவப்பு ஒயினுக்கான சொற்கள்

அன்பர்களுக்கு வணக்கம். ஒயின் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் உரையாடலில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> ஏஜிங், மெச்சூரேஷன் இரண்டுக்கும் ‘முதிர்வு’ என்ற ஒரே சொல் போதும்.

போதாது என்பதே என் உறுதியான கருத்து. ஒயின் சேகரிப்பவர் புட்டியைக் கையில் எடுத்ததும் பிரித்துப் பார்ப்பது வயது ஏறுவது (ஏஜிங்), சுவை கூடிப் பதமாவது (மெச்சூரேஷன்) என்ற இந்த இரண்டையும்தான். பிரான்சின் பொழோலே நூவோ என்ற இளம் சிவப்பு ஒயின், நவம்பர் மாதத்தின் மூன்றாம் வியாழக்கிழமை கடைக்கு வரும். சில மாதங்களுக்குள் குடித்துவிட வேண்டியது. அதைப் பத்தாண்டுகள் வைத்திருந்தால் வயதுதான் ஏறும், சுவை ஏறாது. போர்தோ வட்டாரத்தின் போயாக்கில் உருவாகும் ஷாத்தோ லத்தூர் என்ற ஒயின் அப்படியல்ல. இளமையில் நாக்கை இறுகப் பிடிக்கும் துவர்ப்பு. பல ஆண்டுகள் காத்திருந்த பிறகே அது மனம் திறக்கும். 1961, 1982 போன்ற விளைச்சல் ஆண்டுகளின் புட்டிகளை இன்றும் தேடி வாங்குகிறார்கள் என்றால் காரணம் இதுதான்.

உள்ளே நடப்பதைப் பார்த்தால் சொல்லின் தேவை விளங்கும். திராட்சையின் தோலும் விதையும் தரும், துவர்ப்புக்குக் காரணமான டானின்கள் தங்களுக்குள்ளும், நிறம் தரும் ஆந்தோசயனின்களோடும் மெல்லப் பிணைகின்றன. பெரிதாகிவிட்ட மூலக்கூறுகளில் ஒரு பகுதி கரைந்திருக்க முடியாமல் அடியில் படிகிறது. துவர்ப்பு தணிகிறது. ஊதா கலந்த செந்நிறம், கோப்பையின் விளிம்பில் தொடங்கிச் செங்கல் நிறத்துக்கு மாறுகிறது. பழ வாசனை பின்னுக்குப் போய், பதப்படுத்திய தோல், புகையிலை, ஈரச் சருகு போன்ற மணங்கள் எழுகின்றன. வங்கி வைப்புத்தொகைக்கு நாம் சொல்லும் ‘முதிர்வு’ இத்தனையையும் சுமக்காது.

சங்கப் பாடல்கள் இங்கே கைகொடுக்கின்றன. ‘தேட்கடுப்பன்ன நாட்படு தேறல்’ என்கிறார் ஔவையார் (புறநானூறு 392). நாள்பட நாள்பட, தேள் கொட்டியதுபோல் கடுக்கும் தேறல், அதாவது தெளிந்த கள் அது. நல்ல சிவப்பு ஒயினோ நாள்பட நாள்படக் கடுமை குறைந்து இணக்கமாகிறது. ஆகவே ‘நாட்படுதல்’ என்பதை வயது ஏறுவதற்கு, அதாவது ஏஜிங்குக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். பொழோலே நூவோவும் நாட்படும், லத்தூரும் நாட்படும்.

மெச்சூரேஷனுக்கு நான் முன்வைப்பது ‘பழுநல்’. பறம்பு நாட்டைப் பாடும் கபிலர், ‘நிலம் புதைப் பழுநிய மட்டின் தேறல்’ என்கிறார் (புறநானூறு 120). அது திராட்சை மது அல்ல. ஆனால் மண்ணுக்குள் புதைத்து, அங்கேயே பக்குவம் கூட விடுவது என்ற செயல், 12, 13 பாகை செல்சியஸ் குளிர்ச்சியில் நிலவறையில் புட்டிகளைக் கிடத்திவைப்பதற்கு எவ்வளவு நெருக்கமானது!

> வழக்கொழிந்த சொல்லை யார் ஏற்பார்கள்?

‘பழு’ என்ற அடி எல்லார் நாவிலும் உயிரோடிருக்கிறது. பழம், பழுத்தல் அறிந்தவருக்குப் பழுநல் அந்நியமாகாது. பீப்பாய்ப் பழுநல், புட்டிப் பழுநல், பழுநிய ஒயின், இன்னும் பழுநாத ஒயின் என்று சொல் தாராளமாகக் கிளைக்கிறது. ‘பக்குவம்’ என்று ஒருவர் சொன்னதை மறக்கவில்லை. ஆனால் அது சமையலுக்கும் மருந்துக்கும் மனிதருக்கும் ஏற்கெனவே உழைத்துக் களைத்த சொல். கலைச்சொல்லாக வரையறுப்பது கடினம்.

மற்ற ஒயின் சொற்களில் எனக்குப் பெரிய சிக்கல் தெரியவில்லை. அடியில் படிவதற்கு ‘மண்டி’ இருக்கிறது. ‘வண்டல்’ ஆற்றுக்கே இருக்கட்டும். டிகான்டிங்குக்குப் பள்ளிப் பாடநூல் தந்த ‘தெளிய வைத்து இறுத்தல்’ அப்படியே பொருந்துகிறது. புட்டியை முந்தைய நாளே நிமிர்த்திவைத்து மண்டியை அடியில் இறங்கவிடுகிறார்கள். பிறகு கழுத்துக்குக் கீழே விளக்கை வைத்துக்கொண்டு மெதுவாக ஊற்றி, மண்டி எட்டிப் பார்க்கும் கணத்தில் நிறுத்துகிறார்கள். இறுத்தல் என்பது வேறென்ன? பழைய புட்டியில் ஒயின் எதுவரை நிற்கிறது என்று ஏலத்தில் குறிப்பதற்குக் ‘கழுத்தளவு’, ‘தோளளவு’ என்பவை போதும். அளவு தோளுக்குக் கீழே இறங்கியிருந்தால் தக்கை வழியே காற்று அதிகம் புகுந்திருக்கக்கூடும் என்று வாங்குவோர் தயங்குவார்கள்.

ஒன்று மட்டும் எனக்கு நிறைவளிக்கவில்லை. பழுநலின் உச்சத்தைக் கடந்து, பழ வாசனை வற்றி, புளிப்பு மட்டும் துருத்தி நிற்கும் ஒயினை என்னவென்று சொல்வது? ‘கெட்டுப்போன’ என்றால் தவறு, அது கெடவில்லை. ‘தளர்ந்த ஒயின்’ என்று இப்போதைக்கு எழுதி வருகிறேன். இதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால் தயங்காமல் தாருங்கள்.