இடம் மாற்றிய கருவிக்கு பிங் போகவில்லை, விரல் வைத்தால் போகிறது

கேள்வி:
வணக்கம். மூன்றாம் தளத்திலிருந்த வருகைப்பதிவுக் கருவியை நேற்று முதல் தளத்துக்கு மாற்றினோம். கைரேகை வைக்கும் பழைய மாடல், ஐபி கையால் போட்டது. எட்ஜ் சுவிட்ச் (கருவிகளைச் செருகும் சுவிட்ச்) வேறு, ஐபி அதேதான். போர்ட் விளக்கு எரிகிறது, ஆனால் சர்வரிலிருந்து பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைச் செய்தி) போகவில்லை. யாராவது விரல் வைத்தால் ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் பிங் வந்துவிடுகிறது! லேப்டாப்பை எந்தத் தளத்தில் செருகினாலும் உடனே கிடைக்கிறது. எங்கள் ஃபேப்ரிக்கில் (சுவிட்சுகள் சேர்ந்த வலையமைப்பு) யார் எங்கே என்று கண்டுபிடிக்கும் கண்ட்ரோல் பிளேன் லிஸ்ப், தரவைச் சுமக்கும் டேட்டா பிளேன் விஎக்ஸ்லான். சுவிட்சை மூன்று முறை ரீஸ்டார்ட் செய்துவிட்டேன். வேறு எங்கே பார்ப்பது?

பதில் 1:
சுவிட்சை விட்டுவிடுங்கள், பாவம், அது சரியாகத்தான் வேலை செய்கிறது. விரல் வைத்தால் சரியாகிறது என்று எழுதினீர்களே, விடை அதில்தான் இருக்கிறது.

லிஸ்பில் முகவரி வேறு, இருப்பிடம் வேறு. கருவியின் ஐபி இஐடி. அது செருகியிருக்கும் எட்ஜின் ஐபி ஆர்லாக். எந்த இஐடி எந்த ஆர்லாக்கில் என்ற பதிவேடு மேப் சர்வரிடம் இருக்கிறது. அதில் எழுதுவது எட்ஜ். கருவியிடமிருந்து ஏஆர்பியோ (இந்த ஐபி யாருடையது என்று கேட்கும், சொல்லும் செய்தி) டிஹெச்சிபியோ (ஐபி கேட்டு வாங்கும் செய்தி) வந்தால்தான் புது ஆள் வந்தது எட்ஜுக்கே தெரியும், அதன்பிறகுதான் மேப் சர்வருக்கு மேப்-ரெஜிஸ்டர் என்ற பதிவுச் செய்தி போகும். லேப்டாப் ஓயாமல் பேசும். உங்கள் கருவியோ யாராவது கேட்டால்தான் வாய் திறக்கும். கேட்கிற ஏஆர்பி பிராட்காஸ்ட்டையோ (எல்லோருக்கும் பொதுவாக அனுப்புவது) ஃபேப்ரிக் அந்தப் போர்ட் வரை கொண்டுபோவதில்லை. விரல் வைத்ததும் கருவி தானாகவே சர்வரைக் கூப்பிடுகிறது, பதிவு ஏறுகிறது.

அந்த ஒரு நிமிடம்? சர்வர் பக்க எட்ஜ் முன்பே 'இந்த இஐடி எங்கே' என்று மேப்-ரெக்வெஸ்ட் அனுப்பி, 'பதிவில் இல்லை' என்ற நெகட்டிவ் மேப்-ரிப்ளையை வாங்கி வைத்திருக்கும். பதிவாகாத இஐடிக்கு, லிஸ்பின் தர ஆவணமான ஆர்எஃப்சி 9301 அந்த ரிப்ளைக்குக் கொடுக்கும் ஆயுள் 1 நிமிடம். அது தீர்ந்தபிறகே மறுபடி கேட்கும்.

இதற்குத் தீர்வாக, கருவி இருக்கும் விலானுக்கு (தனியாகப் பிரித்த வலைப்பகுதி) மட்டும் லேயர் 2 ஃப்ளடிங் (பிராட்காஸ்ட்டை எல்லாப் போர்ட்டுக்கும் கொண்டுபோவது) போடலாம். நானாக இருந்தால் கையால் போட்ட ஐபியை எடுத்துவிட்டு, அதே ஐபியைக் கருவிக்கென்றே ஒதுக்கும் டிஹெச்சிபி ரிசர்வேஷன்தான் வைப்பேன். ஐபி மாறாது, கருவி ஆன் ஆகும்போதே பேசிவிடும்.

பதில் 2:
லிஸ்புக்குப் பதில் இவிபிஎன் என்ற வேறு கண்ட்ரோல் பிளேனுக்கு மாறினால் தீரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அங்கே இருப்பிடத்தைக் கேட்டு வாங்குவது இல்லை, பிஜிபி (வழித்தகவல் பரிமாறும் நெறிமுறை) டைப் 2 ரூட்டாக எல்லா எட்ஜுக்கும் தானே போய்ச் சேரும், அவ்வளவுதான் வித்தியாசம். பேசாத கருவியை அங்கேயும் யாரும் அறிவிக்க மாட்டார்கள்.

கேட்டவர்:
கருவியைத் தொடாமல் மேப் சர்வரில் பார்த்தேன். அந்த இஐடியே இல்லை. ரிசர்வேஷன் போட்டு கருவியை ஆன் செய்தேன், விரல் வைக்காமலே பதிவு ஏறியது, ஆர்லாக் முதல் தள எட்ஜ். மிக்க நன்றி அண்ணா. இதே மாடல் இன்னும் இரண்டு இருக்கின்றன, இன்றைக்கே மாற்றிவிடுகிறேன்.