தேர்வு காலப் பதற்றமும் உடற்கல்விப் பாடவேளையும்

கேள்வி – உடற்கல்வி ஆசிரியர், பாலக்கோடு வட்டம்:
பொதுத்தேர்வு நெருங்கும்போது பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பலர் தூக்கமின்மை, வயிற்றுவலி, படபடப்பு என்று என்னிடம் வந்து சொல்கிறார்கள். பெற்றோர் பெங்களூருக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போய்விட்டதால், சிலருக்கு இதைக் கேட்க வீட்டில் பாட்டி மட்டுமே இருக்கிறார். பந்தைக் கொடுத்து விளையாட விடுவதற்கு மேலாக, பதற்றத்தைச் சமாளிக்க முறையாகக் கற்றுத்தர வழி உண்டா?

பதில் – ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், காவேரிப்பட்டணம்:
உண்டு, ஐயா. இரண்டு சுற்று ஓடவிட்டு, மணிக்கட்டில் நாடியை 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கச் சொல்லுங்கள். பிறகு நிழலில் உட்காரவைத்து, மூச்சை உள்ளிழுப்பதைவிட நீளமாக வெளியே விடச் செய்து, மீண்டும் எண்ணச் சொல்லுங்கள். எண்ணிக்கை இறங்குவதைத் தாங்களே பார்த்த பிள்ளைகளுக்கு, கபடியில் நடுக்கோட்டில் நிற்கும்போதும் வினாத்தாளைப் பிரிக்கும்போதும் அந்த நீளமான வெளிமூச்சு நினைவுக்கு வருகிறது. வீசிங் உள்ளவர்களை மட்டும் ஓடச் சொல்லாமல் நடக்கவிடுங்கள்.

பதில் – ஒரு மாணவியின் தாய், அரூர்:
அணிக்குத் தேர்வான பிள்ளைகள் விளையாட, மற்றவர்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பதுதான் நான் கண்ட உடற்கல்வி வகுப்பு. வீட்டுப்பாடம் எழுதாததற்குத் தண்டனையாக மைதானத்தைச் சுற்றி ஓடவிடும் வழக்கமும் இருக்கிறது. ஓட்டத்தைத் தண்டனையாகப் பழகிய பிள்ளைக்கு அது எப்படி ஆறுதல் தரும் என்பதையும் யோசியுங்கள், ஐயா.

பதில் – பள்ளி மனநல ஆலோசகர், கிருஷ்ணகிரி:
அம்மா சொல்வதை வழிமொழிகிறேன். நாடிப் பயிற்சியில் ஒரு திருத்தம்: ஓடி முடித்தபின் நாடி தானாகவே இறங்கும் என்பதால், அதை முழுவதும் மூச்சின் பலன் என்று சொல்லிவிட வேண்டாம். இதயம் வேகமாகத் துடிப்பதும் வியர்ப்பதும் ஓட்டத்திலும் வருகின்றன, அச்சத்திலும் வருகின்றன. அவை ஆபத்தில்லாமல் சிறிது நேரத்தில் அடங்கிவிடும் என்று பிள்ளைகள் உணர்வதே பெரும்பயன். அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் வகுத்த முறையில் கைமுட்டி, தோள், கால் என ஒவ்வொரு தசையையும் இறுக்கித் தளர்த்தும் பயிற்சியையும் சேர்க்கலாம்; அதற்கு மைதானம்கூட வேண்டாம்.

5 முதல் 17 வயது வரையுள்ளோருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது சராசரியாக 60 நிமிடம், மிதமானது முதல் தீவிரமானது வரையிலான உடலியக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பள்ளியில் கிடைக்கும் சொற்ப உடற்கல்விப் பாடவேளையையும் கணக்குப் பாடத்துக்கு விட்டுக்கொடுப்பதை நான் ஏற்கவில்லை. தூக்கமின்மையும் சோர்வும் வாரக்கணக்கில் நீடித்தாலோ, சாவைப் பற்றிப் பேச்சு வந்தாலோ, பயிற்சியை நம்பிக் காத்திருக்காமல் உடனே மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416-இலும் கட்டணமின்றிப் பேசலாம்.

கேட்டவர்:
எங்கள் பாடவேளை ஏற்கெனவே கணக்குக்குப் போய்விட்டது, ஐயா. காலை வணக்கக் கூட்டத்தில் செய்யலாமா?

காவேரிப்பட்டணம் ஆசிரியர்:
வெயிலில் வரிசையாக நிற்கும் பிள்ளைகளுக்கு அது கவாத்தாகிவிடும். மாலைச் சிறப்பு வகுப்பு தொடங்குமுன் பத்து நிமிடம் தரும்படி தலைமையாசிரியரிடம் கேளுங்கள். கணக்கு ஆசிரியரையும் உடன் உட்காரவையுங்கள்.