ஆய்வக இறைச்சி பூமிக்கு நல்லதா? மின்சாரக் கணக்கை விட்டுவிட்டுப் பேச முடியாது

தும்பி:
விலங்கின் செல்லை எடுத்துத் தொட்டியில் பெருக்கி வளர்க்கும் ஆய்வக இறைச்சி என்றதுமே செயற்கை, வேண்டாம் என்று ஒதுக்குகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இறைச்சி, பால், முட்டை, மீன் வளர்ப்பு எல்லாம் சேர்ந்து உலகின் விவசாய நிலத்தில் சுமார் 83 சதவீதத்தை எடுத்துக்கொள்கின்றன. பதிலுக்கு நமக்குக் கிடைப்பது கலோரியில் 18 சதவீதம், புரதத்தில் 37 சதவீதம். 2018-ல் பூர், நெமெசெக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் சயின்ஸ் இதழில் போட்ட கணக்கு இது. எலும்பு, தோல், குடல், உடம்புச் சூடு என்று எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தீவனம் போட்டு, கடைசியில் நாம் சாப்பிடுவது பெரும்பாலும் தசையைத்தான். அந்தத் தசையை மட்டும் தொட்டியில் வளர்க்க முடிகிறது என்றால் அதை ஏன் எதிர்க்க வேண்டும்?

கல்தச்சன்:
தசையை மட்டும் வளர்ப்பது என்பது சொல்வதற்கு எளிது, தும்பி. மாட்டின் உடம்பு சும்மா இருக்கிற சுமை இல்லை. சிறுநீரகம் கழிவை வெளியேற்றுகிறது, இதயம் ஆக்சிஜனைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது, ரத்தத்தில் இருக்கிற எதிர்ப்பு சக்தி கிருமியைக் கொல்கிறது. தொட்டியில் இத்தனை வேலையையும் மோட்டாரும் வடிகட்டியும் மின்சாரமும் செய்தாக வேண்டும். அதிலும் கிருமிதான் பெரிய தலைவலி. விலங்கு செல் ஒன்று இரண்டாவதற்கு ஏறக்குறைய ஒரு நாள் ஆகும், பாக்டீரியாவுக்கு அரை மணி நேரமே போதும். ஒன்று உள்ளே புகுந்தால் அந்தத் தொட்டி முழுக்கக் கொட்ட வேண்டியதுதான். அதனால்தான் மருந்துத் தொழிற்சாலை அளவுக்குச் சுத்தம் கேட்கிறார்கள், அந்தச் சுத்தத்துக்குத்தான் ஆற்றல் கொட்டிப் போகிறது. 2023-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் ஆய்வாளர்கள், ஊடகத்தை, அதாவது செல்லுக்கு ஊட்டுகிற சத்துக் கரைசலை, மருந்துத் தரத்துக்குச் சுத்திகரித்தால் பூமியைச் சூடாக்கும் வாயு வெளியேற்றம் சராசரி மாட்டிறைச்சியைவிட 4 முதல் 25 மடங்கு அதிகமாகும் என்றார்கள். இதைப் பசுமை உணவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தும்பி:
அதே ஆய்வின் மறுபாதியையும் சொல்ல வேண்டும் நண்பரே. உணவுத் தரத்துப் பொருட்களே போதும் என்ற நிலை வந்தால், மாட்டிறைச்சியைவிட 80 சதவீதம் குறைவு என்பதிலிருந்து 26 சதவீதம் கூடுதல் என்பது வரை எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம் என்பதும் அவர்கள் சொன்னதுதான். தவிர, முதலில் வெளியானபோது அது சக ஆய்வாளர்கள் சரிபார்க்காத முன்வடிவம். 25 மடங்கு என்ற எண் மட்டும் தலைப்புச் செய்தியாகி ஊரெல்லாம் சுற்றியது. தொழில்நுட்பம் எந்த மாதிரி ஊடகத்தை நோக்கிப் போகிறது என்று பார்க்காமல் தீர்ப்பு எழுதக் கூடாது.

மழைக்குருவி:
ஊடகம் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். 2013 ஆகஸ்டில் லண்டனில் நெதர்லாந்து விஞ்ஞானி மார்க் போஸ்ட் காட்டிய முதல் பர்கர், சுமார் 20,000 தசை இழைகளைச் சேர்த்துச் செய்தது, செலவு ஏறக்குறைய இரண்டரை லட்சம் யூரோ. அந்தச் செல்கள் வளர்ந்தது கருவில் இருக்கும் கன்றின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த சீரம் என்ற திரவம் கலந்த ஊடகத்தில். விலங்கைக் கொல்லாத இறைச்சி என்று சொல்லிக்கொண்டு அதை எப்படி ஏற்பது என்று அன்று நானும் கோபப்பட்டேன். 2020 டிசம்பரில் சிங்கப்பூர் உலகிலேயே முதலாவதாக விற்பனைக்கு அனுமதித்த கோழியை வளர்க்கவும் கொஞ்சம் சீரம் பயன்பட்டது. ஆனால் 2023 ஜனவரியில் அதே நாடு, அந்தக் கோழியைச் செய்த நிறுவனத்துக்கே, சீரமே இல்லாத ஊடகத்தை ஏற்றுக்கொண்டது. பத்தே வருஷத்தில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள். அதற்காக விலை இறங்கிவிட்டது என்று நான் சொல்லவில்லை.

ஆந்தை:
நீங்கள் எல்லாரும் ஒரே எண்ணில் எல்லாவற்றையும் அளக்கிறீர்கள், எனக்கு அங்கேதான் உறுத்துகிறது. மாட்டிலிருந்து வருவதில் பெரும்பங்கு மீத்தேன். கடுமையான வாயுதான், ஆனால் சுமார் 12 வருஷத்தில் காற்றில் சிதைந்துவிடும். தொட்டியை ஓட்டும் மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்தால் வெளியேறுவது கார்பன் டை ஆக்சைடு, அது நூற்றாண்டுக் கணக்கில் தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். 2019-ல் ஆக்ஸ்ஃபோர்டின் லின்ச், பியர்ஹம்பர்ட் இருவரும் ஆயிரம் வருஷத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்து, ஆய்வக இறைச்சி எப்போதும் மாட்டைவிட மேல் என்று சொல்லிவிட முடியாது, எரிசக்தி எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது என்றார்கள். காற்றாலையும் சூரிய ஒளியும் இருக்கிற இடத்தில் கட்டினால் ஒரு கதை, அனல்மின் நிலையத்தை நம்பிக் கட்டினால் வேறு கதை.

கல்தச்சன்:
ஆந்தை சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நல்ல மின்சாரம் கிடைத்தாலும் எதனோடு ஒப்பிடுகிறோம் என்று பார்க்க வேண்டும். நெதர்லாந்தின் சி.ஈ. டெல்ஃப்ட் ஆய்வு நிறுவனம் போட்ட கணக்கில், புதுப்பிக்கத்தக்க ஆற்றலில் ஓடும் தொட்டி மாட்டிறைச்சியையும் பன்றி இறைச்சியையும் வெல்கிறது, ஆனால் இனி மேம்படப்போகும் கோழி வளர்ப்போடு வைத்தால் கார்பனில் ஏறக்குறைய சமம். சரி, முதலில் எதை விற்றார்கள்? சிங்கப்பூரிலும் கோழி, 2023 ஜூனில் அமெரிக்கா அனுமதித்த இரண்டு நிறுவனங்களும் கோழி. பூமிக்கு லாபம் பெரிதாக இருக்கும் மாட்டை விட்டுவிட்டு, சமமாக வரும் கோழியைச் செய்துகொண்டு பூமியைக் காக்கிறோம் என்று விளம்பரம் செய்தால் நான் நம்ப மாட்டேன்.

தும்பி:
2024 ஜனவரியில் இஸ்ரேல் அனுமதித்தது மாட்டுச் செல். அப்புறம், நீங்கள் குறிப்பிட்ட டெல்ஃப்ட் ஆய்விலேயே பயிரை இறைச்சியாக மாற்றுவதில் தொட்டி கோழியைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு திறமையானது என்றும் இருக்கிறது. கார்பன் சமமாக வந்தாலும் மிச்சமாகும் நிலம் சும்மா போய்விடாது, அங்கே காடு திரும்ப வரலாம். ஆயிரக்கணக்கில் கோழிகளை அடைத்து வைக்கும் கொட்டகைகளில் பறவைக் காய்ச்சல் பரவுவதும், நோய் வராமல் இருக்க ஆன்டிபயாடிக் கொடுப்பதும், அதனால் மனிதர்களுக்கான மருந்து வேலை செய்யாமல் போவதும் எந்தக் கார்பன் கணக்கில் வருகிறது?

மழைக்குருவி:
ஆய்வக இறைச்சிக்கு இத்தாலி 2023-ல் தடை போட்டது, அமெரிக்க மாநிலங்களான ஃப்ளோரிடாவும் அலபாமாவும் 2024-ல். இந்தத் தடைகளால் மீத்தேனும் குறையவில்லை, மின்சாரக் கேள்விக்கும் பதில் வரவில்லை. எனக்கு வேறொரு பயம். நாலு ஆடு வைத்துப் பிழைக்கிறவருக்கு அந்த ஆடு அவசரத்துக்கு விற்கும் சேமிப்பு, எருவும் கூட. தொட்டியும், திரும்பத் திரும்பப் பெருக்கக்கூடிய செல் வரிசையும் காப்புரிமையோடு சில நிறுவனங்களின் கையில் இருந்தால் அந்த மனிதருக்கு அதில் என்ன இடம்? இதை யாரும் வாயே திறந்து பேசுவதில்லை.

ஆந்தை:
அந்தச் செல்லுக்கு ஊட்டும் அமினோ அமிலமும் சர்க்கரையும் பயிரிலிருந்துதானே வருகிறது? அந்தப் பயிரை நேராகச் சாப்பிட்டால் தொட்டியே வேண்டாம். முடிந்தவர்கள் பருப்புக்கு மாறுவது இதைவிட மலிவு, இன்றைக்கே செய்யக்கூடியது.

தும்பி:
பருப்பைச் சாப்பிடுங்கள் என்று எத்தனையோ வருஷமாகச் சொல்கிறோம் ஆந்தை, உலகில் இறைச்சி உண்பது கூடிக்கொண்டேதான் போகிறது. மாற மாட்டேன் என்கிறவர்களுக்காகத்தான் இந்தத் தொட்டி.

கல்தச்சன்:
அப்படியானால் ஒரே ஒரு நிபந்தனை. காகிதத்தில் மாதிரிக் கணக்குகள் போட்டது போதும். ஓடிக்கொண்டிருக்கும் ஆலையிலிருந்து, கிலோவுக்கு எத்தனை யூனிட் மின்சாரம், எத்தனை தொட்டி கிருமி புகுந்து வீணானது என்று அளந்து வெளியிடட்டும். அதற்கு முன்னால் பொதுமக்கள் வரிப்பணத்தில் ஒரு பைசா மானியம் கூடாது.

தும்பி:
வெளியிடட்டும், நானும் கேட்கிறேன். ஆனால் மாட்டுப் பண்ணைகளும் தீவன ஆலைகளும் இத்தனை வருஷமாக வாங்கும் மானியத்துக்கு இதே நிபந்தனையை நீங்கள் போடுவீர்களா? அதற்குப் பதில் சொல்லுங்கள்.