ஏற்காட்டுத் துரை பங்களாக்கள்: எது வரலாறு, எது பேய்ப்பேச்சு?

கோரிமேட்டுப் பெண் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவைப் பெற்ற தாத்தா 1950களில் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். தோட்டத்தின் நடுவே, மேட்டின்மேல் இருந்த பெரிய மாடி வீட்டின் கீழ்த்தளத்தில்தான் அவருடைய மேசை இருந்தது. வெள்ளைக்காரர்கள் தோட்டத்தை விற்றுவிட்டுப் போன பிறகும் அந்த வீட்டுக்குத் துரை பங்களா என்ற பெயர் மாறவில்லை. பழம் எடுக்கும் காலத்தில் ஆள்கணக்கும் கூலிக்கணக்கும் எழுதி முடிக்க இரவு பத்து, பதினொரு மணி ஆகிவிடும் என்றும், அந்த நேரத்தில் ஆளில்லாத மேல்மாடியின் பலகைத் தளத்தில் யாரோ ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நடந்து போவதுபோல ஓசை கேட்கும் என்றும் தாத்தா சொல்வார். அவர் அதைப் பயமுறுத்தும் குரலில் சொன்னதில்லை. "நடந்தது, நின்றது, நான் பேரேட்டை மூடிவிட்டு வந்தேன்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்.

தாத்தா காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. இப்போது எங்கள் உறவினர் சொல்லும் கதை வேறாக இருக்கிறது. அந்த வீட்டில் ஒரு துரை தன் மனைவியைக் கொன்று நிலவறையில் புதைத்துவிட்டான் என்றும், மூடுபனி இறங்கும் நாள்களில் அந்தத் துரைசாணி வெள்ளை உடையில் வாசற்படியில் நிற்கிறாள் என்றும், வீடு இருநூறு ஆண்டுப் பழமையானது என்றும் சொல்கிறார்கள். வீடு பூட்டிக் கிடக்கிறது. தனியார் சொத்து என்பதால் அதன் பெயரை நான் இங்கே எழுதவில்லை.

என் பிள்ளைகளுக்காகத் தாத்தாவின் வாழ்க்கையை எழுதி வைக்க விரும்புகிறேன். அதில் பொய் கலந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. ஏற்காட்டில் இத்தகைய மாளிகைகளை முதலில் யார் கட்டினார்கள்? 1842ஆம் ஆண்டு சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ ஏற்காட்டைக் கண்டுபிடித்தார் என்று பல இடங்களில் படித்தேன். அதை அப்படியே எழுதலாமா? பேய்க்கதைக்கு ஏதாவது அடிப்படை உண்டா என்பதையும் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பழஞ்சுவடி எழுதியது:

அம்மா, நான் சேலத்தில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன். முதலில் மன்றோவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அந்த வரியைத் தயவுசெய்து எழுதாதீர்கள். மன்றோ சென்னை மாகாண ஆளுநராக 1820 முதல் இருந்து, பதவியில் இருக்கும்போதே 1827 ஜூலையில் பத்திகொண்டா என்ற ஊரில் காலராவால் இறந்துபோனார். இறந்து பதினைந்து ஆண்டுகள் ஆன ஒருவர் 1842இல் மலையேறி வந்திருக்க முடியாது. அவருக்குச் சேலத்தோடு தொடர்பு இருந்தது உண்மைதான். 1792இல் திப்பு சுல்தான் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி சேலத்தையும் அதையொட்டிய பாராமகால் பகுதியையும் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விட்டுக்கொடுத்தபோது, முதல் கலெக்டராக வந்த அலெக்சாண்டர் ரீடின் கீழ் உதவியாளராகப் பணியாற்றியவர் மன்றோ. அந்த நினைவும் பிற்கால ஆண்டு ஒன்றும் எங்கோ ஒட்டிக்கொண்டு ஒரே வாக்கியமாகிவிட்டன. மேலும், ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலையில் மலையாளி என்ற பழங்குடி மக்கள் அதற்கு முன்பே தலைமுறை தலைமுறையாகத் தினையும் சாமையும் விளைவித்து வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் இருந்த மலையை எவரும் "கண்டுபிடித்ததாக" எழுத எனக்கு மனம் வராது.

மாளிகைகளைப் பொறுத்தவரை, 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்னிலிருந்துதான் தொடங்க வேண்டும். காப்பியையும் பேரி, ஆப்பிள் போன்ற பழமரங்களையும் இந்த மலைக்குக் கொண்டுவந்தவர் அவர். ஏற்காட்டின் மிகப் பழைய தோட்டமான கிரேஞ்சும் கோட்டை போன்ற தோற்றமுடைய அதன் வீடும் அவர் காலத்தவை. 1857இல் வடக்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது, இங்கிருந்த வெள்ளைக்காரர்கள் அந்த வீட்டைச் சுற்றி அரண் எழுப்பி, மொட்டைமாடியில் பீரங்கி ஏற்றி, நிலவறையில் ஆறு மாதத்துக்குத் தேவையான உணவுப்பொருள்களைச் சேர்த்து வைத்தார்கள் என்பது ஏற்காட்டில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அவர்கள் அஞ்சிய போர் இந்த மலைக்கு வரவே இல்லை. ஆனால், நிலவறை என்ற சொல் மட்டும் மலையில் தங்கிவிட்டது. பிறகு மலையில் எந்தப் பெரிய வீட்டைப் பற்றிப் பேசினாலும் ஒரு நிலவறை வந்து சேர்ந்துகொள்கிறது. கரடிக் குகையில் ஒரு சுரங்கப்பாதை இருப்பதாகச் சொல்கிறார்கள். சேர்வராயன் கோயில் குகை காவிரி வரை போகிறது என்று நம்புகிறார்கள். மண்ணுக்கடியில் ஏதோ இருக்கிறது என்று எண்ணுவது இந்த மலையின் பழக்கம். உங்கள் உறவினர் கதையின் நிலவறையையும் நான் அந்த வரிசையில்தான் வைப்பேன்.

"இருநூறு ஆண்டு" என்பதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. கூரை மங்களூர் ஓடு வேய்ந்ததா என்று பாருங்கள். பாசல் மிஷன் என்ற கிறித்தவச் சமய அமைப்பு மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865இல். ஓட்டின் அடிப்பக்கம் தொழிற்சாலையின் பெயர் பதிந்திருக்கும். கூரையைப் பின்னாளில் மாற்றியிருக்கலாம் என்பதால் இது ஒன்றே முடிவான சான்று ஆகாது. ஆனால் சுவர்க் கட்டுமானத்தோடு சேர்த்துப் பார்த்தால் காலம் ஓரளவு பிடிபடும். உரிமையாளர்களின் வரிசையை அறியச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்க்கலாம். அதற்கும் முந்தைய கலெக்டர் அலுவலகக் கடிதங்கள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

பேய்க்கதையைப் பற்றி நான் கேட்பது ஒன்றுதான். அந்தக் கதை வீட்டில் ஆள் குடியிருந்த காலத்தில் பிறந்ததா, பூட்டிய பிறகு பிறந்ததா? எனக்குத் தெரிந்த பழைய வீடுகளில் பெரும்பாலும் பூட்டு விழுந்த பிறகுதான் பேய் குடியேறியிருக்கிறது. பல்லாவரத்தில் 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்த இராபர்ட் புரூஸ் ஃபூட், 1891இல் ஓய்வு பெற்ற பின் ஏற்காட்டில் ஐவி காட்டேஜ் என்ற வீட்டில் குடியேறியவர். ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தைத் தமிழாக்கிய பீட்டர் பெர்சிவல், ஃபூட்டின் மாமனார். 1882இல் அவர் இறந்ததும் ஏற்காட்டில்தான். இப்படிப்பட்டவர்கள் நடமாடிய மலையில், பெயரே இல்லாத ஒரு துரையும் பெயரே இல்லாத ஒரு துரைசாணியும் மட்டும் மக்கள் வாயில் நிலைத்துவிட்டார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமளிக்கிறது.

காப்பிக்காட்டு மகன் எழுதியது:

நான் ஏற்காட்டில் ஒரு தோட்டத்தின் லைன் வீட்டில், அதாவது தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில், பிறந்து வளர்ந்தவன். என் அம்மா பழம் எடுத்தவர். அப்பா களத்தில் காப்பி காயவைத்தவர். சகோதரியின் தாத்தா கேட்ட ஓசையை நானும் கேட்டிருக்கிறேன். அவர் பொய் சொல்லவில்லை என்பதை முதலில் உறுதியாகச் சொல்கிறேன்.

பழம் எடுக்கும் காலம் என்று அவர் குறிப்பிட்டது முக்கியமான செய்தி. எங்கள் மலையில் கார்த்திகையிலிருந்து தை வரை காப்பிப் பழம் சிவந்து கிடக்கும். மரநாய்க்கு அந்தப் பழத்தின்மேல் ஆசை அதிகம். பகலெல்லாம் பழைய வீடுகளின் மச்சுக்கும் ஓட்டுக்கும் இடையில் படுத்திருந்துவிட்டு, இருட்டிய பிறகு எழுந்து உத்தரத்தின்மேல் நடந்து, கூரை இடுக்கு வழியாக இறங்கித் தோட்டத்துக்குள் போகும். அது நடப்பது ஓர் ஆள் அடிமேல் அடி வைத்து நடப்பதுபோலவே இருக்கும். இடையில் நின்று காது கொடுத்துக் கேட்டுவிட்டு மறுபடியும் நடக்கும். பகல் வெயிலில் விரிந்த பலகை இரவுக் குளிரில் சுருங்கும்போது எழும் முறிவோசையும் அதோடு சேர்ந்துகொண்டால் மாடியில் மனிதர் இருப்பதாகவே தோன்றும். வெள்ளை உடை என்பது கூகையாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். விளக்கு வெளிச்சத்தில் அதன் வயிற்றுப்புறம் வெளுப்பாகத் தெரியும். பறக்கும்போது சிறகோசை துளியும் கேட்காது. கத்தினால் பெண் அலறுவதுபோல இருக்கும்.

ஆனால் நான் எழுத வந்ததற்குக் காரணம் வேறு. எங்கள் சிறு வயதில் பங்களாவின் வெளி வாயிலைத் தாண்டி எங்களுக்கு அனுமதி கிடையாது. உள்ளே ஆரஞ்சு மரங்களும் பேரி மரங்களும் காய்த்துத் தொங்கும். பழம் பறித்துப் பிடிபட்ட பிள்ளையின் வீட்டில் ஒரு நாள் கூலியைப் பிடித்துவிடுவார்கள். அதனால் எங்கள் தாய்மார் "அந்தப் பக்கம் போகாதே, துரைசாணி பிடித்துக்கொள்வாள்" என்று சொல்லி எங்களைத் தடுத்தார்கள். என் பாட்டியிடம் ஒருமுறை, துரைசாணியை நீ பார்த்திருக்கிறாயா என்று கேட்டேன். "கூலி பிடித்ததைப் பார்த்திருக்கிறேன்" என்றார். எங்கள் லைனில் அந்தக் கதைக்கு அதுவே வேலை. அது வாயிலில் சம்பளமில்லாமல் நின்ற காவல்காரன். முனியையும் சிறுத்தையையும் எங்கள் பெரியவர்கள் உண்மையாகவே அஞ்சினார்கள். துரைசாணியை அவர்கள் அஞ்சியதாக எனக்கு நினைவில்லை.

சூரமங்கலத்தார் எழுதியது:

எல்லாவற்றையும் மரநாயின் தலையில் ஏற்றிவிட வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ஒரு மார்கழியில் அப்படிப்பட்ட பழைய பங்களாவில் நண்பர்களோடு தங்கினேன். குளிர் தாங்காமல் கதவு சன்னல்களைச் சாத்திவிட்டுக் கரி மூட்டிய கணப்புச் சட்டியை அறையில் வைத்துப் படுத்தோம். நள்ளிரவில் யாரோ மார்பின்மேல் உட்கார்ந்து அமுக்குவதுபோல விழித்தேன். கை கால் அசையவில்லை. காதில் பேச்சுக்குரல் போன்ற இரைச்சல் கேட்டது. காலையில் மூவருக்கும் தலை பிளப்பதுபோல வலித்தது. அது வெறும் கற்பனை என்று என்னால் ஏற்க முடியவில்லை.

இறந்த வெள்ளைக்காரரை நம் மக்கள் அஞ்சி வணங்குவதும் புதிதன்று. 1809இல் திருவிதாங்கூர் எல்லைப் போரில் இறந்த போல் என்ற ஆங்கிலேயப் படைத்தலைவனின் கல்லறையில் சாராயமும் சுருட்டும் வைத்துப் படைத்தார்கள் என்று தென்பாண்டிச் சீமையில் இருந்த பாதிரிமார் எழுதியிருக்கிறார்கள். ஊர் விட்டு ஊர் வந்து அகாலத்தில் இறந்தவனின் ஆவிக்கு ஒரு வாய் கொடுக்க வேண்டும் என்ற இரக்கம் அதில் இருக்கிறது. அச்சத்தை அறியாமை என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டால் அந்த இரக்கத்தையும் சேர்த்துத் தள்ளிவிடுவோம்.

பழஞ்சுவடி எழுதியது:

சூரமங்கலத்தாருக்கு வணக்கம். இரக்கத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை முழுமனத்தோடு ஏற்கிறேன். ஆனால், அந்த இரவில் உங்களுக்கு நேர்ந்தது கற்பனை அன்று. அது உண்மையான ஆபத்து. மூடிய அறையில் கரி எரிந்தால் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு சேர்கிறது. அது இரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் தலைவலியும் மயக்கமும் குழப்பமும் உண்டாகின்றன. சிலருக்கு இல்லாத ஓசைகளும் கேட்கும். மூவரும் உயிரோடு எழுந்தது பெரும் பேறு. இதைப் படிப்பவர்கள், ஏற்காட்டில் எத்தனை குளிராக இருந்தாலும், கரிச்சட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தில் சேலம் மாவட்டம் மிகக் கொடுமையாக அடிபட்டது. 1871க்கும் 1881க்கும் இடையில் மாவட்டத்தின் மக்கள்தொகை பல லட்சம் குறைந்தது. அகாலத்தில் இறந்தவர்களுக்கு ஆவி உண்டு என்றால், நம் மாவட்டத்தின் சாலையெல்லாம் அவர்களே நிற்க வேண்டும். அவர்களுக்கு நாம் ஒரு கதைகூட வைத்துக்கொள்ளவில்லை.

கோரிமேட்டுப் பெண் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பழஞ்சுவடி ஐயா கேட்ட கேள்வியை நேற்று அம்மாவிடம் கேட்டேன். தாத்தா ஒருநாளும் கொலையைப் பற்றிப் பேசியதில்லை என்று அம்மா உறுதியாகச் சொன்னார். துரைசாணி கதையை அம்மா முதன்முதலில் கேட்டது, பங்களாவைப் பூட்டிய பிறகு, தன் திருமணத்துக்கும் பிற்பட்ட காலத்தில்தானாம். ஓசை கேட்ட மாதத்தைக் கேட்டபோது, மார்கழியில் கோயிலுக்குப் போகும் நாள்களில் தாத்தா தூக்கம் கெட்ட கண்ணோடு வருவார் என்றார்.

காப்பிக்காட்டு அண்ணன் எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கூலி பிடித்த இடம் வந்தபோது நிறுத்தச் சொன்னார். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தப் பேரேட்டில் அதை எழுதியதும் உன் தாத்தாதானே" என்றார். ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறந்து, அவருடைய பழைய குறிப்பேடுகளில் ஏதாவது எஞ்சியிருக்கிறதா என்று பார்க்கப் போகிறோம். இருந்தால், பிடித்த கூலிக் கணக்கையும் அப்படியே படியெடுத்து என் குறிப்பில் சேர்ப்பேன்.