அம்மாவுக்கு இரவில் கெண்டைக்கால் பிடிப்பு: வைட்டமின் ஈ 400 கொடுக்கலாமா?

மூத்தமகள்:

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 71 வயது. சில மாதங்களாக நடு ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. நன்றாகத் தூங்கிக்கொண்டிருப்பவர் திடீரென்று அலறிக்கொண்டு எழுந்து காலைப் பிடித்துக்கொள்கிறார். தொட்டுப் பார்த்தால் ஆடுசதை கல் போல இறுகியிருக்கிறது. ஓரிரு நிமிடத்தில் தளர்ந்துவிடும், ஆனால் மறுநாள் மாலை வரை அந்த இடத்தில் வலி இருக்கும். வாரத்தில் பாதி நாள் இப்படித்தான். இப்போதெல்லாம் படுக்கப் போகவே பயப்படுகிறார். அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

சித்தி, "வைட்டமின் ஈ 400 வாங்கிக் கொடு, எனக்கு இரண்டே வாரத்தில் நின்றுபோனது" என்கிறார். வைட்டமின்தானே, என்ன ஆகிவிடும் என்று எனக்கும் தோன்றியது. ஆனால் அம்மா ஏற்கனவே ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை எடுக்கிறார். போன தடவை டாக்டரிடம் போனபோது அதோடு நீர் மாத்திரை ஒன்றும் சேர்த்தார்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து தினமும் சிறிய அளவில் ஆஸ்பிரினும் உண்டு. இவற்றோடு வைட்டமின் ஈ சேர்க்கலாமா? உண்மையில் கால் பிடிப்புக்கு அது கேட்குமா? எடுத்துப் பார்த்தவர்கள், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

படித்துறை:

தாராளமாகக் கொடுங்கள் சகோதரி. எனக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. இதே தொல்லை எனக்கும் இருந்தது. நண்பர் ஒருவர் சொல்லி வைட்டமின் ஈ 400 ஆரம்பித்தேன், பிடிப்பு குறைந்தது. பல வருடங்களாக விடாமல் எடுக்கிறேன், ஒரு தொந்தரவும் இல்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, அவ்வளவுதான்.

மருந்துக்கட்டு:

மூத்தமகள், நான் மருந்தாளர். கால் பிடிப்புக்கு வைட்டமின் ஈ கேட்டு வருபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அம்மாவுக்கு அந்த கேப்ஸ்யூலை இப்போது ஆரம்பிக்காதீர்கள். முதலில் அவருடைய நீர் மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் பேசுங்கள். உங்கள் பதிவில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த ஒரு வரிதான். பிடிப்பு சில மாதங்களாக இருக்கிறது என்கிறீர்கள், நீர் மாத்திரை சேர்த்ததும் போன தடவை என்கிறீர்கள். இரண்டும் ஒரே சமயத்தில் தொடங்கியவையா என்று நாள் பார்த்துச் சொல்லுங்கள். நீர் மாத்திரை சிறுநீரோடு சோடியம், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாவற்றையும் வெளியேற்றக்கூடியது. வயதானவர்களுக்கு இது சீக்கிரம் நடக்கும். ஆஸ்துமாவுக்கு இழுக்கும் சில இன்ஹேலர்களும், கொலஸ்ட்ரால் மாத்திரைகளும்கூடச் சிலருக்குச் சதைப் பிடிப்பைக் கொண்டுவரும். ஸ்டென்ட் வைத்தவர் என்பதால் அம்மாவும் கொலஸ்ட்ரால் மாத்திரை எடுக்கலாம், பட்டியலைச் சரிபாருங்கள். ஆனால் எதையும் நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். குறிப்பாக ஆஸ்பிரினைத் தொடவே கூடாது.

இனி வைட்டமின் ஈ. அதற்குக் கால் பிடிப்பு மருந்து என்ற பெயர் எப்படி வந்தது என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் சித்தி சொன்னது வெறும் வதந்தி அல்ல. 1970களில் அமெரிக்காவில் ஏயர்ஸ், மிஹான் என்ற இரண்டு தோல் மருத்துவர்கள், இரவில் கால் பிடிக்கும் 125 பேருக்கு வைட்டமின் ஈ கொடுத்து, பெரும்பாலானவர்களுக்கு நன்றாகக் குறைந்தது என்று எழுதினார்கள். அங்கிருந்துதான் இது பரவியது. ஆனால் அதில் ஒரு பெரிய குறை உண்டு. எல்லோருக்கும் வைட்டமின் கொடுத்தார்கள், வைட்டமின் இல்லாத போலி மாத்திரையை யாருக்கும் கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

அந்த ஒப்பீடு 1992இல் வந்தது. முன்னாள் ராணுவத்தினர் 27 பேருக்குக் கொஞ்ச காலம் வைட்டமின் ஈ, கொஞ்ச காலம் மலேரியா மருந்தான குயினைன், கொஞ்ச காலம் போலி மாத்திரை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். எப்போது எது என்பது எடுப்பவருக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. வைட்டமின் ஈ படுக்கும் நேரத்தில் 800 யூனிட், அதாவது சித்தி சொல்வதைப் போல இரண்டு மடங்கு. அப்படியிருந்தும் போலி மாத்திரையைவிட அது மேலாக ஒன்றும் செய்யவில்லை. குயினைன்தான் பிடிப்புகளைக் குறைத்தது. இதைப் படித்துவிட்டு யாரும் குயினைன் தேடிப் போகவேண்டாம். ரத்தத் தட்டணுக்களைத் திடீரென்று சரித்து உயிருக்கே ஆபத்தாகும் என்பதால் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2006லிருந்தே கால் பிடிப்புக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்று எச்சரித்து வருகிறது.

27 பேர் சிறிய எண்ணிக்கைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஒப்பீடே இல்லாத 125 பேரைவிட இந்த 27 பேரின் அனுபவத்துக்கு நான் அதிக மதிப்பு கொடுப்பேன்.

"அப்படியானால் எங்களுக்கு எப்படிக் குறைந்தது?" என்று படித்துறை ஐயா கேட்கலாம். நியாயமான கேள்விதான். கால் பிடிப்பு ஒரே சீராக வருவதில்லை. சில வாரம் வாட்டும், சில வாரம் காணாமல் போகும். ரொம்ப வாட்டுகிற நேரத்தில்தான் நாம் ஒரு மாத்திரையைத் தேடுகிறோம். அதற்குப் பிறகு அது இயல்பாகவே தணியும்போது பெயர் மாத்திரைக்குப் போய்விடுகிறது. மெக்னீசியத்தை வைத்து 2017இல் வந்த ஓர் ஆய்வில் இது தெளிவாகத் தெரிந்தது. 94 பேரில் பாதிப் பேருக்கு மெக்னீசியம், பாதிப் பேருக்குப் போலி மாத்திரை. இரண்டு குழுவிலுமே வாரத்துக்குச் சுமார் 3 பிடிப்புகள் குறைந்தன! மெக்னீசியம் எடுத்தவர்களுக்கு மட்டும் தனியாக எந்த லாபமும் இல்லை. ஆகவே உங்களுக்குக் குறைந்தது பொய்யில்லை, ஐயா. குறைத்தது அந்தக் கேப்ஸ்யூல்தான் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

வைட்டமின்தானே, என்ன ஆகிவிடும் என்ற எண்ணத்துக்கு வருகிறேன். ஒரு பெரியவருக்கு ஒரு நாளைக்குத் தேவையான வைட்டமின் ஈ 15 மில்லிகிராம். 400 யூனிட் கேப்ஸ்யூல் ஒன்றில், இயற்கை வகையாக இருந்தால், சுமார் 268 மில்லிகிராம் இருக்கிறது. கொழுப்பில் கரைந்து உடம்பில் தங்கும் வைட்டமின் இது. அதிக அளவில் ரத்தம் உறைவதைக் கொஞ்சம் தடுக்கும். உங்கள் அம்மா எடுக்கும் ஆஸ்பிரினும் செய்வது அதே வேலைதான். இரண்டும் சேர்ந்தால் ரத்தக் கசிவுக்கான வாய்ப்பு கூடும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் என்றால் இன்னும் கவனம் தேவை.

இன்று இரவே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. படுக்கும் முன் கெண்டைக்கால் சதையை நீட்டிவிடுவது. சுவரைப் பார்த்து நின்று, இரண்டு கைகளையும் சுவரில் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையைவிட்டு எழாமல் உடம்பை முன்னே சாய்க்க வேண்டும். பின்னங்கால் சதை இழுபடுவது தெரியும். 10 வினாடி அப்படியே நின்று விட்டுவிட வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் மூன்று முறை. தொடையின் பின்பக்கத்துக்கும் இதேபோல ஒன்று உண்டு. நெதர்லாந்தில் 55 வயதைத் தாண்டிய 80 பேரை வைத்து, ஒரு பாதிப் பேரை 6 வாரம் படுக்கும் முன் இப்படிச் செய்ய வைத்தார்கள். செய்தவர்களுக்குப் பிடிப்பும் குறைந்தது, வலியின் கடுமையும் குறைந்தது. மாத்திரைப் பட்டியல் நீளாமல் கிடைக்கிற பலன் என்பதால் எனக்கு இதன்மேல் தனிப் பிரியம்.

பிடித்துக்கொண்டு துடிக்கும்போது முழங்காலை நீட்டி வைத்து, கால் விரல்களை முகத்தை நோக்கி மெதுவாக இழுங்கள். பாதத்தைக் கீழ்நோக்கி அழுத்தினால் பிடிப்பு கூடும். கனமான போர்வை பாதத்தை அழுத்தாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக, பகலிலும் வலித்தால் அது சதைப் பிடிப்பாக இல்லாமல் ரத்தக் கட்டியாக இருக்கலாம், அன்றைக்கே காட்ட வேண்டும். நடந்தால் வலித்து, நின்றால் விட்டுவிடுகிறது என்றால் அது ரத்தக் குழாய் அடைப்பாக இருக்கலாம். இதய நோய் உள்ளவர் என்பதால் இதை அவசியம் டாக்டரிடம் சொல்லுங்கள்.

வெள்ளிமணி:

மருந்துக்கட்டு சார், ஒரு சந்தேகம். என் கணவருக்கு டயாலிசிஸ் நடக்கிறது. கடைசி ஒரு மணி நேரத்தில் கால் சதை முறுக்கிக்கொண்டு அவர் படும் பாட்டைப் பார்க்க முடியாது. சில சமயம் பாதியிலேயே நிறுத்தச் சொல்லிவிடுவார். அவருக்குச் சிறுநீரக டாக்டரே வைட்டமின் ஈ எழுதிக் கொடுத்தார், இப்போது பரவாயில்லை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது வீணா?

மருந்துக்கட்டு:

வீண் இல்லை அம்மா, அப்படியே தொடருங்கள். டயாலிசிஸில் வரும் பிடிப்பு வேறு சங்கதி. உடம்பிலிருந்து நீரும் உப்பும் வேகமாக இறங்குவதால் வருவது அது. அங்கே போலி மாத்திரையோடு ஒப்பிட்ட ஆய்வே இருக்கிறது. 2001இல் 60 பேருக்கு 8 வாரம் கொடுத்துப் பார்த்ததில், வைட்டமின் ஈ 400 மில்லிகிராம் எடுத்தவர்களுக்குப் பிடிப்பு 54 சதவீதம் குறைந்தது. போலி மாத்திரைக் குழுவில் 7 சதவீதம்தான். வைட்டமின் சி சேர்த்தவர்களுக்கு இன்னும் அதிகமாகக் குறைந்தது. ஆனால் சி-யை நீங்களாகச் சேர்த்துவிடாதீர்கள். சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்கு அது ஆக்சலேட் என்ற உப்பாக மாறி உடம்பில் தங்கும். எதுவானாலும் அந்த டாக்டர் சொல்கிற அளவில்தான்.

படித்துறை ஐயா, உங்களுக்கும் ஒரு வார்த்தை. 35,000க்கும் மேற்பட்ட ஆண்களை வைத்து நடந்த பெரிய ஆய்வு ஒன்றில், தினமும் வைட்டமின் ஈ 400 யூனிட் எடுத்தவர்களுக்கு ப்ராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகமாக வந்தது என்று 2011இல் வெளியிட்டார்கள். உங்களைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. பல வருடங்களாக எடுக்கிறேன் என்று எழுதியதால்தான் சொல்கிறேன். அடுத்த முறை உங்கள் டாக்டரிடம் இதைக் கேளுங்கள். கொஞ்ச நாள் நிறுத்திப் பார்த்தாலே பிடிப்பு திரும்புகிறதா இல்லையா என்பதும் தெரிந்துவிடும்.

படித்துறை:

இது எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. நன்றி தம்பி. நிறுத்திவிட்டு எழுதுகிறேன்.

மூத்தமகள்:

எல்லோருக்கும் நன்றி. மருந்துச் சீட்டுகளை எடுத்துத் தேதி பார்த்தேன். நீர் மாத்திரை ஆரம்பித்த அதே மாதம்தான் பிடிப்பும் ஆரம்பித்திருக்கிறது. டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதினார். பொட்டாசியம் குறைவு. நீர் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார், சில வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்கச் சொன்னார். வைட்டமின் ஈ பற்றிக் கேட்டேன், ஆஸ்பிரினோடு வேண்டாம் என்று அவரும் சொல்லிவிட்டார். இப்போது பிடிப்பு நன்றாகக் குறைந்திருக்கிறது, எப்போதாவது ஒரு ராத்திரி வருகிறது. அம்மா பயமில்லாமல் படுக்கிறார்.

இரண்டு கேள்விகள். அம்மாவுக்கு முட்டி வலி, சுவரில் சாய்ந்து நிற்பது கஷ்டமாக இருக்கிறது. வேறு வழி உண்டா? அப்புறம், வைட்டமின் கே2 நல்லது என்று ஒருவர் சொன்னார். அதுவும் இதே கதைதானா?

மருந்துக்கட்டு:

கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. கட்டிலில் காலை நீட்டி உட்காரச் சொல்லுங்கள். நீளமான துண்டு ஒன்றை முன்பாதத்தில் சுற்றி, இரண்டு முனைகளையும் கையில் பிடித்துத் தன் பக்கம் மெதுவாக இழுக்கட்டும். முட்டியை வலிக்காத அளவுக்கு நீட்டினால் போதும். நேரமும் எண்ணிக்கையும் முன்பு சொன்னதுதான்.

கே2 இதே கதை இல்லை. சீனாவில் 199 முதியவர்களை வைத்து, போலி மாத்திரையோடு ஒப்பிட்டு நடந்த ஆய்வு 2024இல் வெளியானது. தினமும் 180 மைக்ரோகிராம் எடுத்தவர்களுக்கு 8 வாரத்தில் பிடிப்பு வாரத்துக்குச் சராசரியாக ஒன்றுக்குக் கீழே வந்தது, போலி மாத்திரைக் குழுவில் மூன்றரைக்கு மேல் இருந்தது. வைட்டமின் ஈ-க்குக் கிடைக்காத நல்ல ஆதாரம்தான். ஆனால் இந்த ஒரு ஆய்வை மட்டும் நம்பி இறங்காமல், வேறு இடங்களிலும் இதே பலன் வரட்டும் என்று காத்திருப்பேன். வார்ஃபரின் எடுப்பவர்கள் கே2 பக்கமே போகக் கூடாது, அந்த மருந்தின் வேலையை அது கெடுத்துவிடும். அம்மாவுக்கு வார்ஃபரின் இல்லை, இருந்தாலும் பிடிப்பு இவ்வளவு குறைந்திருக்கும்போது இப்போதைக்கு எதுவும் சேர்க்க வேண்டாம். அடுத்த ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் பொட்டாசியம் எவ்வளவு என்று எழுதுங்கள்.